நியாயமாக நடத்தப்படுதல்: காவல்துறை அதிகாரத்தின் அடித்தளம்

சட்டத்தை மக்கள் ஏன் மதித்து நடக்கிறார்கள்? காவல் நிலையத்தில் கேட்டாலும் டீக்கடையில் கேட்டாலும் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: பயம். அடி விழும், வழக்குப் போடுவார்கள், ஊரில் மானம் போகும் என்ற பயம் இல்லாவிட்டால் எவனும் அடங்கமாட்டான் என்பது நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பவரும், கண்ணால் கண்ட குற்றத்துக்குச் சாட்சி சொல்லத் தானாக முன்வருபவரும் பயத்தால் அப்படிச் செய்வதில்லை. இந்த அதிகாரத்துக்குக் கட்டுப்படுவது முறைதான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் எதனால் உண்டாகிறது, எதனால் அழிகிறது என்று கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றை இந்திய, தமிழ்நாட்டுக் காவல் அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. குடிமக்களை நியாயமாக நடத்துவதைக் காவல்துறை மனமிரங்கித் தரும் சலுகையாக எண்ணுவது தவறு. அதன் அதிகாரமே அதன்மேல்தான் நிற்கிறது. அதே நேரத்தில், அந்த நியாயத்தை வெறும் பேச்சு மரியாதையாகச் சுருக்கிவிட்டால் பலன் கிடைக்காது. மீறினால் தட்டிக்கேட்க ஆள் உள்ள கடமையாக அது இருக்க வேண்டும். காவலருக்கும் அவருடைய துறைக்குள்ளே அது கிடைக்க வேண்டும்.

தோற்றவரும் ஏற்கும் தீர்ப்பு

1975-இல் அமெரிக்காவில் ஜான் திபோ என்ற உளவியலாளரும் லாரன்ஸ் வாக்கர் என்ற சட்ட அறிஞரும் நடைமுறை நீதி, அதாவது முடிவு எட்டப்படும் முறையின் நியாயம், குறித்து ஒரு நூலை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் தகராறுகளை உருவாக்கி, அவற்றைப் பல வகையில் விசாரித்துப் பார்த்தபோது கிடைத்த முடிவுகளே அந்நூலின் அடிப்படை. தம் தரப்பை முழுமையாக எடுத்துச்சொல்ல இடம் கிடைத்தவர்கள், தீர்ப்பு தமக்கு எதிராகப் போனபோதும், விசாரணை நியாயமாகவே நடந்தது என்று கருதினார்கள். உளவியலாளர் டாம் டைலர் இந்தக் கண்டுபிடிப்பை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார். 1984-இல் சிகாகோ நகரில் 1,575 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு, ஓராண்டு கழித்து அவர்களில் 804 பேரிடம் மறுபடியும் பேசினார். காவல்துறையோடும் நீதிமன்றத்தோடும் அவர்களுக்கு என்ன அனுபவம், அதில் என்ன கிடைத்தது, எப்படி நடத்தப்பட்டார்கள், சட்டத்துக்கு எவ்வளவு கட்டுப்படுகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். 1990-இல் வெளியான அவருடைய நூல் சொல்லும் முடிவு இதுதான்: தண்டனை கிடைக்கும் என்ற அச்சத்தைவிட, சட்டத்துக்கும் அதைச் செயல்படுத்துவோருக்கும் தம்மைக் கட்டுப்படுத்தும் உரிமை உண்டு என்ற நம்பிக்கைதான் கட்டுப்பாட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டது. அந்த நம்பிக்கையை, கிடைத்த பலனைவிட நடத்தப்பட்ட விதமே அதிகமாகத் தீர்மானித்தது.

நியாயமாக நடத்துவது என்பதை ஆய்வாளர்கள் நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார்கள். முடிவெடுக்கும் முன் எதிரே நிற்பவரைப் பேசவிட்டுக் கேட்பது ஒன்று. ஆள் பார்த்து, சாதி பார்த்து, உடை பார்த்து முடிவெடுக்காமல் ஒரே விதியை எல்லோருக்கும் பொருத்தி, அதன் காரணத்தையும் சொல்வது இரண்டு. மரியாதையாக நடத்துவது மூன்று. இவர் என் நன்மையையும் எண்ணித்தான் இதைச் செய்கிறார் என்ற நம்பிக்கையைத் தருவது நான்கு. இரவு ஒன்பது மணிக்கு ஒரு வாகனச் சோதனையை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையோடு பைக்கில் வரும் தம்பதியை நிறுத்தி, காரணம் சொல்லாமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, 'ஓரமா நில்லுடா' என்று அதட்டிவிட்டு, பின்னால் வந்த காரை உள்ளே இருப்பவரின் தோரணையைப் பார்த்ததும் சல்யூட் அடித்து அனுப்பும்போது நான்கு கூறுகளும் ஒரே நிமிடத்தில் உடைகின்றன. அதே காவலர், 'இந்தச் சாலையில் விபத்து அதிகம் சார், வருகிற வண்டி எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கிறோம், லைசென்ஸைக் காட்டுங்க' என்று சொன்னால் அபராதத் தொகை மாறப்போவதில்லை. மாறுவது, அபராதம் கட்டியவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு ஏன் இவ்வளவு வலிமை? டைலரும் ஆலன் லிண்டும் தந்த விளக்கம், மனிதர்கள் ஒரு கூட்டத்தில் தமக்கு என்ன இடம் என்பதை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது. சாதாரண மனிதர் அரசை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றிலும் காவல் நிலையம் தனி வகை. அங்கே அரசு உடல்மேல் கைவைக்கும் உரிமையோடு நிற்கிறது. அந்த இடத்தில் ஒருவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்வதா, தரையில் குந்தவைப்பதா என்பது, இந்த நாட்டில் அவர் யார் என்று அரசு கருதுகிறது என்பதற்கான அறிவிப்பாகிவிடுகிறது. ஏற்கெனவே ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்டவருக்கு அந்த அறிவிப்பு இன்னும் உரக்கக் கேட்கும். நிலையத்தில் ஒருவர் பட்ட அவமானம் அவரோடு நிற்பதில்லை. வீட்டுக்கும் தெருவுக்கும் பரவி, அடுத்த முறை அந்தத் தெருவில் குற்றம் நடக்கும்போது வாய் திறக்கும் ஆளில்லாமல் செய்துவிடுகிறது.

சோதனைகள் காட்டியவை

கருத்துக் கணிப்பில் சொல்வது ஒன்று, நடந்துகொள்வது இன்னொன்று என்ற ஐயம் நியாயமானது. அதனால் நடத்தையை நேரடியாக அளந்த ஆய்வுகளைப் பார்ப்போம். 1980-களின் பிற்பகுதியில் மில்வாக்கி நகரில், வீட்டில் துணையை அடித்தவர்களைக் கைது செய்வதா, எச்சரித்து விடுவதா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ரேமண்ட் பேட்டர்னாஸ்டரும் அவருடைய சகாக்களும் 1997-இல் அந்தத் தரவுகளை வேறொரு கேள்வியோடு அணுகினார்கள்: கைதானவர்கள் தாம் எப்படி நடத்தப்பட்டதாக நினைத்தார்கள்? நியாயமாக நடத்தப்பட்டதாகக் கருதியவர்கள் மறுபடியும் அடிப்பது, அப்படிக் கருதாதவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. கைது என்ற கடுமையான நடவடிக்கை ஒன்றேதான். அது நடந்த விதம் மட்டுமே வேறு. ஆக, இந்த முறை கடுமைக்கு எதிரானதும் இல்லை. சட்டப்படி செய்ய வேண்டிய கடுமையை, அது பலன் தரும் விதத்தில் செய்யச் சொல்கிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் லொரேன் மசெரோல் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் நடந்த சோதனை இன்னும் எளிமையானது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைப் பிடிக்க அங்கே சாலையில் வண்டிகளை நிறுத்தி மூச்சுக் காற்றைச் சோதிப்பது வழக்கம். அப்படிப்பட்ட 60 சோதனைகளில் பாதியை வழக்கம்போல் நடத்தினார்கள். அதில் ஓட்டுநருக்கும் காவலருக்கும் இடையிலான சந்திப்பு அரை நிமிடம்கூட நீடிக்காது. மறுபாதியில் காவலர்கள் கையில் சிறு குறிப்பட்டை இருந்தது. உங்களைக் குறிவைத்து நிறுத்தவில்லை, வரிசையில் வந்ததால் நிறுத்தினோம், சாலையில் ஒருவர் இறந்த செய்தியை அவருடைய வீட்டில் போய்ச் சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே மிகக் கடினமானது, உங்கள் பகுதிப் பாதுகாப்பைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா, ஒத்துழைத்ததற்கு நன்றி. இவ்வளவுதான் அதன் சாரம். கூடுதலாகச் செலவானது ஏறத்தாழ ஒரு நிமிடம். பிறகு அஞ்சல்வழிக் கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பியவர்களில், குறிப்பட்டைப் பேச்சைக் கேட்டவர்கள் காவல்துறைமேல் அதிக நிறைவும் மதிப்பும் தெரிவித்தார்கள். பதில் அனுப்பியவர்கள் சிறுபகுதியினரே என்பதை மறக்கக் கூடாது. என்றாலும், ஒரு நிமிடப் பேச்சு அரசைப் பற்றிய எண்ணத்தை அசைக்க முடியும் என்பதே சிந்திக்க வைக்கும் செய்தி.

குற்றம் குறையுமா என்ற கேள்விக்கு 2022-இல் டேவிட் வைஸ்பர்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு விடை தேடுகிறது. அமெரிக்காவில் டூசான், கேம்பிரிட்ஜ், ஹூஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் குற்றம் மிகுந்த 120 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதி இடங்களுக்கு, நடைமுறை நீதியில் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற காவலர்களை அனுப்பினார்கள். மறுபாதிக்கு வழக்கமான தீவிர ரோந்து. பயிற்சி பெற்றவர்கள் மக்களை அதிக மரியாதையோடு நடத்தியதை உடன் சென்ற பார்வையாளர்கள் பதிவு செய்தார்கள். அவர்கள் செய்த கைதுகள் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. கைது குறைந்ததால் குற்றம் பெருகிவிடவில்லை. மற்ற இடங்களோடு ஒப்பிட 14 விழுக்காடு குறைந்தது. காவல்துறை அத்துமீறுகிறது என்ற எண்ணமும் அந்தப் பகுதி மக்களிடம் குறைவாகவே இருந்தது. ஆனால் காவல்துறையின் அதிகாரத்தை ஏற்கும் பொதுவான மனநிலை அங்கே குறிப்பிடும்படி உயரவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அவநம்பிக்கையைச் சில மாத நன்னடத்தை கழுவிவிடாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

ஸ்காட்லாந்தும் கானாவும் எழுப்பும் கேள்விகள்

இந்தக் கோட்பாட்டை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாத ஒரு தோல்வி உண்டு. குவீன்ஸ்லாந்துச் சோதனையை அடியொற்றி ஸ்காட்லாந்தில் சாரா மக்குயினும் பென் பிராட்ஃபோர்டும் சாலைச் சோதனைகளில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். அங்கே பலன் தலைகீழானது. குறிப்பட்டைப்படி பேசிய காவலர்களைச் சந்தித்த ஓட்டுநர்களின் நம்பிக்கையும் நிறைவும் மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்தன. காரணம் தேடி அந்தக் காவலர்களிடமே பேசியபோது வேறொரு கதை வெளிவந்தது. 2013-இல்தான் ஸ்காட்லாந்தின் பல வட்டாரக் காவல் படைகள் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டிருந்தன. தங்களைக் கலந்துகொள்ளாமல் மேலிருந்து முடிவுகள் திணிக்கப்படுவதாகக் காவலர்கள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். சோதனையும் அப்படித் திணிக்கப்பட்ட இன்னொரு வேலையாகவே அவர்களுக்குப் பட்டது. விளக்கம் கேட்க வாய்ப்பில்லாதவர் மக்களுக்கு விளக்கம் சொன்னார். யாரும் கருத்துக் கேட்காதவர் மக்களிடம் கருத்துக் கேட்டார். மனமில்லாமல் ஒப்பிக்கும் மரியாதையை மக்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். இந்தத் தோல்வி கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை, அது எந்த நிபந்தனையில் வேலை செய்யும் என்பதைக் காட்டுகிறது: துறைக்குள் நியாயம் இல்லாமல் துறைக்கு வெளியே நியாயம் இருக்காது.

இரண்டாவது மறுப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. மரியாதை வேண்டும் என்பது வசதியான நாடுகளின் கவலை; திருட்டும் ரௌடித்தனமும் வாட்டும் ஏழை நாட்டு மக்களுக்கு வேண்டியது வேலை செய்யும் போலீஸ் என்பது அந்த வாதம். ஜஸ்டிஸ் டாங்கெபே கானாவின் தலைநகர் அக்ராவில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அங்கே காவல்துறைக்கு மக்கள் ஒத்துழைப்பதை, அது எவ்வளவு திறமையாக வேலை செய்கிறது என்ற மதிப்பீடே தீர்மானித்தது. நடத்தையின் நியாயத்துக்கு அதில் பங்கில்லை. ஆனால் டாங்கெபே இதற்குத் தரும் விளக்கம் மறுப்பாளர்களின் விளக்கமன்று. காலனி ஆட்சியின் அடக்குமுறைக் கருவியாகப் பிறந்து, விடுதலைக்குப் பிறகும் அப்படியே தொடரும் ஒரு காவல்துறையிடம் மக்கள் நியாயத்தை எதிர்பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள்; வேறு வழியில்லாமல் அடங்கிப்போகிறார்கள். பாகிஸ்தானின் லாகூரில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, திறமையோடு நியாயமான நடத்தையும் லஞ்சமின்மையும் சேர்ந்தே காவல்துறைமேல் மதிப்பை உண்டாக்குகின்றன என்று கண்டது. ஆகவே ஏழைகளுக்கு மரியாதை வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவது, கிடைக்காததைக் கேட்காமலிருப்பதை, தேவையில்லை என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளும் பிழை. நம் நாட்டில் மரியாதையும் திறமையும் ஒன்றையொன்று எதிர்ப்பதும் இல்லை. புகாரை வாங்க மறுப்பது ஒரே நேரத்தில் அவமதிப்பும் வேலை செய்யாமையும்தான்.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. இனிக்கப் பேசி மக்களை அநீதிக்கு இணங்க வைக்கும் தந்திரம் இது என்கிறார்கள் சில விமர்சகர்கள். இந்த எச்சரிக்கையை முழுமையாக ஏற்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி மலைக்கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்து செய்த கொடுமைகள் பேச்சு மரியாதைக் குறைவால் நடந்தவை இல்லை. ஒரு பழங்குடி ஊரையே குற்றவாளிக் கூட்டமாக அரசு பார்த்ததால் நடந்தவை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பாயிற்று. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நான்கு கூறுகளில் இரண்டாவதான பாரபட்சமின்மை, யாரிடம் எப்படிப் பேசுவது என்பதோடு முடிந்துபோகக் கூடாது என்பதை வாச்சாத்தி சொல்கிறது. யாரை நிறுத்துவது, யார் வீட்டைச் சோதிப்பது, யாரைச் சந்தேகப்படுவது என்பதும் அதற்குள் வர வேண்டும். அந்தத் தேர்வுக்குக் கணக்குக் கேட்க வெளியாள் இல்லாத இடத்தில் இனிய பேச்சு ஏமாற்றாகிவிடும்.

பழைய மதராஸும் இன்றைய காவல் நிலையமும்

நம் காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள அவநம்பிக்கையின் வேர், நவீனக் காவல்துறை பிறப்பதற்கும் முந்தியது. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனதால் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855-இல் அது தந்த அறிக்கை, விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் முதலிய முறைகளைப் பெயர் சொல்லிப் பதிவு செய்தது. வரி வசூலும் காவலும் ஒரே ஆட்களின் கையில் இருந்ததுதான் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. இதையடுத்து வருவாய்த்துறையிலிருந்து காவலைப் பிரித்து 1859-இல் மதராஸில் காவல் சட்டம் வந்தது. 1861-இல் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. ஆனால் அந்தப் புதிய அமைப்பு மக்களுக்குப் பதில் சொல்லும் அமைப்பாக உருவாகவில்லை. அயர்லாந்தை அடக்க வைத்திருந்த படையின் சாயலில், மேலதிகாரிக்கு மட்டுமே பதில் சொல்லும் அமைப்பாக உருவானது. அதை உருவாக்கிய அரசே அதை நம்பவில்லை. காவல் அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872-இன் சாட்சியச் சட்டம் விதித்தது. 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய சாட்சிய அதினியமும் அந்த விதியைக் கைவிடவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக நம் சட்டம் காவல்துறைக்கு அதிகாரத்தைத் தந்துவிட்டு நம்பிக்கையைத் தராமல் வைத்திருக்கிறது.

விடுதலை பெற்ற இந்தியாவில் இதைச் சரிசெய்யும் பொறுப்பைப் பெரும்பாலும் நீதிமன்றங்களே சுமந்தன. காவல் மரணங்கள் குறித்து மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த டி.கே. பாசு 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து வளர்ந்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளை விதித்தது. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும்; சாட்சியின் கையெழுத்தோடு கைதுக் குறிப்பாணை தயாரிக்க வேண்டும்; உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும்; 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். 2013-இல் லலிதா குமாரி வழக்கில், கைதுசெய்யத்தக்க குற்றம் பற்றிய புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று தீர்ப்பு வந்தது. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் காரணத்தை எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று தீர்ப்பானது. தாளில் பார்த்தால் உலகின் நல்ல விதிகள் பலவும் நம்மிடம் உண்டு. ஆயினும் 2020 ஜூன் 19 இரவு, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் நான்கு நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். வழக்குப் பதிவு, கைது, நடுவர் உத்தரவு, கிளைச்சிறை எனக் கோப்புக்கு வேண்டிய படிகள் வரிசையாக நடந்திருந்தன. நிலையத்தில் கண்காணிப்புக் கேமராவும் இருந்தது. சேமித்து வைக்க ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்.

அந்தக் கேமராதான் நம் சிக்கலின் சரியான அடையாளம். நடைமுறை அங்கே கோப்புக்காக இருந்தது, மனிதருக்காக இல்லை. நடைமுறை நீதி கேட்பது, விதியைக் குடிமகன் தன் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் வேண்டும் என்பதை. கைதுக்கான காரணம் வழக்கு நாட்குறிப்பில் இருப்பது நீதிமன்றத்துக்கு. அதே காரணத்தைக் கைதானவரிடமும் அவர் மனைவியிடமும் புரியும் தமிழில் சொல்வது அவர்களுக்கு. புகார் கொடுத்தவர் கையில் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இருப்பதும், முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைப்பதும், மூன்று வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் எரிந்து விழாமல் ஒருவர் பதில் சொல்வதும் சிறிய விஷயங்களாகத் தோன்றும். ஆனால் சட்டம் தனக்காகவும் இருக்கிறது என்பதை ஒரு சாதாரண மனிதர் அறிந்துகொள்ள வேறு வழியே இல்லை.

கடுமை வேண்டும் என்போருக்கு

இதற்கெல்லாம் எதிராக நிலையங்களில் உறுதியாக ஒலிக்கும் குரல் ஒன்று உண்டு. வழக்குகள் பத்தாண்டு இழுக்கின்றன, சாட்சிகள் பிறழ்கிறார்கள், ரௌடிக்குப் புரிவது அடி ஒன்றுதான் என்பது அந்தக் குரல். காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களைப் பேட்டி கண்டு 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், குற்றவாளிகளிடம் வன்முறையாக நடப்பதில் தவறில்லை என்று நான்கில் மூவர் கருதினார்கள். சிறு குற்றங்களுக்கு வழக்கு விசாரணையைவிடக் காவல்துறையே சிறு தண்டனை கொடுத்துவிடுவது நல்லது என்றார்கள் 37 விழுக்காட்டினர். என்கவுன்டர் செய்திகளுக்குக் கைதட்டும் பொதுமக்களும் இதே மனநிலையில்தான் இருக்கிறார்கள். இதற்கு மனித உரிமை சார்ந்த பதில் எல்லோரும் அறிந்தது. காவல் பணியின் கோணத்திலிருந்தே சொல்லக்கூடிய பதிலும் ஒன்று உண்டு. நம் நாட்டில் துப்புத் துலங்குவது பெரும்பாலும் யாரோ ஒருவர் வாய் திறப்பதால்தான். சாட்சி பிறழ்வதற்கு மிரட்டலும் பணமும் காரணமாகலாம். நிலையத்துக்குப் போனால் நம்மையே மாட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் காரணம். அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதை நம்பி நின்ற விசாரணை வேறு ஆதாரங்களைத் தேடாமல் விட்டுவிடுகிறது. வழக்குத் தோற்றதும் 'கோர்ட்டில் நியாயம் கிடைக்காது' என்ற நம்பிக்கை வலுத்து, அடுத்த அடிக்கு அதுவே நியாயமாகிறது. கடுமையால் தீரும் என்று சொல்லப்படும் சிக்கலைக் கடுமையே வளர்த்துவிடுகிறது.

அந்தக் காவலர்களை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்வதும் நியாயமாகாது. அதே அறிக்கைப்படி இந்தியக் காவலர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார். பாதிப் பேருக்கு வார ஓய்வு கிடையாது. தமிழ்நாட்டில் கடைநிலைக் காவலர்களுக்கு வார விடுப்பு தரும் அரசாணை 2021-இல்தான் வந்தது. அதிகாரிகளின் வீட்டில் சமையலுக்கும் நாயைப் பார்த்துக்கொள்ளவும் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-இலேயே அரசு ஒழித்தும், 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஒழிக்கும்படி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. மேலதிகாரியின் வாயில் தினமும் வசவு வாங்கி, விளக்கம் சொல்ல இடமில்லாமல் மெமோ வாங்கி, காரணம் தெரியாமல் பணிமாற்றம் வாங்கும் ஒருவர், தனக்குக் கீழே நிற்கும் ஒரே ஆளான புகார்தாரரிடம் நான்கு கூறுகளையும் கடைப்பிடிப்பார் என்று எதிர்பார்ப்பது, ஸ்காட்லாந்துச் சோதனையை அறிந்த எவருக்கும் இயலாத காரியம்.

மாற்ற முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, காவல் அதிகாரி நீனா சிங் உள்ளிட்டோர் ராஜஸ்தானில் 162 காவல் நிலையங்களில் பல சீர்திருத்தங்களைச் சோதித்தார்கள். விசாரணை முறையிலும் மக்களிடம் பழகும் விதத்திலும் தந்த பயிற்சி, குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் நிறைவைக் கூட்டியது. வார ஓய்வும் மக்கள் பார்வையாளர் ஏற்பாடும், நிலையங்களே அவற்றை அரைகுறையாக நடத்தியதால் பலன் காட்டவில்லை. மிகவும் கவனிக்கத்தக்கது வேறொன்று. பதிவு விகிதத்தை அளப்பதற்காக ஆய்வாளர்கள் புகார்தாரர் போல் ஆட்களை நிலையங்களுக்கு அனுப்பினார்கள். வருவது சோதனை ஆளாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, புகார்களைப் பதிய நிலையங்கள் காட்டிய விருப்பம் கூடியது. மத்தியப் பிரதேசத்தில் 180 நிலையங்களில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், மகளிர் உதவி மேசைகள் வைக்கப்பட்ட இடங்களில் பெண்களின் வழக்குகள் அதிகமாகப் பதிவாயின. பெண் காவலர் பொறுப்பில் இருந்த மேசைகளில் அது இன்னும் கூடியது. பயிற்சி, தட்டிக்கேட்கும் வெளிக்கண், நிலையத்துக்குள் இதற்கென்று பொறுப்பான ஆள் ஆகிய மூன்றும் பலன் தருகின்றன. மேலிருந்து வரும் அறிவுரைச் சுற்றறிக்கையை நம்பிப் பயனில்லை.

இவற்றிலிருந்து எழும் கோரிக்கை எளிமையானது, செலவு குறைந்தது. இன்று ஒரு காவல் நிலையத்தின் தரத்தைப் பதிவான வழக்கு, கண்டுபிடித்த திருட்டு, கிடைத்த தண்டனை ஆகிய எண்களால் அளக்கிறோம். இந்த எண்களில் முதலாவதைக் குறைக்கப் புகாரை வாங்க மறுத்தால் போதும். இரண்டாவதைக் கூட்ட யாரையாவது அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால் போதும். அதாவது, நம் அளவுகோலே அநீதிக்குக் கூலி கொடுக்கிறது. இதோடு இன்னொரு அளவையும் சேர்க்க வேண்டும். நிலையத்துக்கு வந்து தாம் விரும்பியது கிடைக்காமல் போனவர்களை, அதாவது புகார் ஏற்கப்படாதவர், அபராதம் கட்டியவர், விசாரணைக்கு அழைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர், கைதாகிப் பிணையில் வந்தவர் ஆகியோரைத் துறைக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு தொடர்ந்து சந்தித்து, உங்களைப் பேசவிட்டார்களா, காரணம் சொன்னார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்று கேட்க வேண்டும். அதன் முடிவை நிலையம் வாரியாக வெளியிட்டு, பதவி உயர்விலும் அதற்கு இடம் தர வேண்டும். அதே அமைப்பு காவலர்களிடமும் அவர்களுடைய மேலதிகாரிகளைப் பற்றி அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்டது கிடைத்தவரின் பாராட்டு எந்த நிலையத்துக்கும் எளிதில் வரும். கேட்டது கிடைக்காதவரும் 'என்னை முறையாகத்தான் நடத்தினார்கள்' என்று சொல்லும் நிலையத்தின் சொல்லுக்கே, லத்தியைக் காட்டாமல், ஊர் கட்டுப்படும்.